செங்கல்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து எலக்ட்ரானிக் இசை படிக்க முடியுமா?

செங்கல்பட்டில் வீடு, கோடம்பாக்கத்தில் எலக்ட்ரானிக் இசைத் தயாரிப்பும் மேடை வாசிப்பும் சேர்ந்த ஓராண்டுப் படிப்பு, வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசல் வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இந்த நிலையில் தினமும் போய்வந்து படித்தால் தேறுமா, அல்லது கடன் வாங்கியாவது நகரத்தில் அறை எடுத்துத் தங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு ஆண்டுகள் கர்னாடக வாய்ப்பாட்டு கற்றது இதில் உதவுமா, எப்படிப்பட்ட மடிக்கணினி வாங்குவது என்ற இரண்டு துணைக் கேள்விகளும் அதில் உள்ளன. தங்குமிடச் செலவைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், தினமும் பயணத்தில் கழியும் நான்கு மணி நேரம் இந்தப் படிப்பில் எதைக் கெடுக்கும், எதைக் கெடுக்காது என்பதைத்தான் நீங்கள் அறிய விரும்புகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். கோடம்பாக்கம், சாலிகிராமம் பகுதி ஸ்டுடியோக்களில் நெடுங்காலம், பாடல்களுக்கான ஒலிகளைக் கீபோர்டிலும் கணினியிலும் அமைக்கும் கீபோர்டு புரோகிராமராக வேலை செய்துவருகிறேன். ஒலித் தயாரிப்பு வகுப்புகளும் எடுக்கிறேன். அரக்கோணம், திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கங்களிலிருந்து தினமும் வந்து படித்தவர்கள் என் மாணவர்களில் உண்டு.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இசைத் தயாரிப்பு என்ற பாதியை, அதாவது ஒலி வடிவமைப்பு, அரேஞ்ச்மென்ட் (எந்த ஒலி எங்கே வர வேண்டும் என்று அமைப்பது), பதிவு, மிக்ஸிங் (பதிவான ஒலிகளைச் சரியான அளவில் கலப்பது) ஆகியவற்றை, போய்வந்து படித்தே நன்றாகக் கற்கலாம். தனியாக உட்கார்ந்து, அதே எட்டு பாரை, அதாவது தாளத்தின் எட்டுச் சுற்றுகளை, திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்துவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. அதை எந்த ஊரில் இருந்தும் செய்யலாம். ஏ.ஆர். ரகுமான் 1989இல் தம் பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்ததே கோடம்பாக்கத்தில் தம் வீட்டுக் கொல்லைப்புறத்தில்தான். என் சந்தேகமெல்லாம் மேடை வாசிப்பு என்ற மறுபாதியைப் பற்றியது. பயணத்தால் நேரம் போகிறது என்றுதான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். அந்த நேரத்தை ஓரளவு மீட்டுவிடலாம். ஆனால் வகுப்புகள் முடிந்தபின், பக்கத்தில் தங்கியிருக்கும் மாணவர்கள் காலியான ஸ்டுடியோ அறையில் கூடி, ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டுக் குறை சொல்லி, ஒருவர் ப்ராஜெக்டை இன்னொருவர் திறந்து பார்த்துக் கற்கும் மாலைப் பொழுது இருக்கிறதே, ஆறு மணி ரயிலைப் பிடிக்க ஓடுபவருக்கு அது கிடைப்பதே இல்லை. இந்தப் படிப்பில் பாதி அந்த மாலைகளில்தான் நடக்கிறது. ஆகவே உங்கள் முடிவை டிக்கெட் செலவையும் அறை வாடகையையும் வைத்து எடுக்காமல், வாரத்தில் எத்தனை மாலைகளை நிறுவனத்திலேயே கழிக்க முடியும் என்பதை வைத்து எடுங்கள். இரண்டு மாலைகளாவது இரவு எட்டரை மணி வரை தங்க முடியுமானால் போய்வரலாம். ஒன்றுகூட முடியாது என்றால் அறை எடுப்பதே நல்லது.

பயண நேரத்தைப் பயன்படுத்துவதில் காலையும் மாலையும் ஒன்றல்ல. செங்கல்பட்டு முதல் சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் வரை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கோடம்பாக்கம் வர மின்சார ரயிலில் ஒன்றே கால் மணி முதல் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். காலையில் வண்டி செங்கல்பட்டிலேயே புறப்படுவதால் சற்று முன்னதாகப் போனால் உட்கார இடம் கிடைத்துவிடும். தாம்பரத்தில் கூட்டம் நெருக்கும் வரையில் மடியில் கணினியைத் திறந்து வைத்து வேலை செய்யலாம். மாலையில் நீங்கள் ஏறுவது கடற்கரையிலிருந்து நிரம்பி வரும் வண்டியில். தாம்பரம் வரை நின்றுகொண்டுதான் வர வேண்டியிருக்கும், பல வண்டிகள் அங்கேயே நின்றும்விடும். ஆகவே காலைப் பயணத்துக்குக் கண்ணால் செய்யும் வேலைகளை ஒதுக்குங்கள்: மிடி நோட்டுகளை, அதாவது கீபோர்டில் அழுத்திய சுவரங்களின் குறிப்புகளை, திருத்துவது, ஒவ்வொரு கருவிக்குமான ட்ராக்குகளுக்குப் பெயரிட்டு வண்ணம் கொடுப்பது, பதிவு செய்த நீண்ட ஒலியைச் சிறு சாம்பிள்களாக வெட்டுவது, பாடலின் பகுதிகளை முன்னும் பின்னும் நகர்த்தி அமைப்பது போன்றவை. பேஸ் (கீழ்நாதம்) எவ்வளவு வைப்பது, ரிவெர்ப் (எதிரொலிச் சாயல்) எவ்வளவு போதும் என்ற முடிவுகளை ரயிலில் எடுக்கவே கூடாது. சக்கரமும் மோட்டாரும் எழுப்பும் இரைச்சல் பெரும்பாலும் கீழ் அலைவரிசைகளில் இருப்பதால், உங்கள் பாட்டின் பேஸும், கிக் என்ற பெரிய டிரம்மின் அடியும் அதில் அமுங்கிவிடும். குறைவாக இருக்கிறது என்று நீங்கள் ஏற்றிவைப்பது, அமைதியான அறையில் கேட்கும்போது தாங்க முடியாத அளவில் இருக்கும்.

மாலைப் பயணம் கேட்பதற்கு மட்டும். கைப்பேசியில் முழு இசைத் துண்டான ட்ராக் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பார்களை எண்ணியபடி கேளுங்கள். நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் நான்கு பீட் கொண்ட ஒரு பார் இரண்டு விநாடி. 16 பார் 32 விநாடி. ஹவுஸ் என்ற நடன இசை வகையில் ஆறு நிமிட ட்ராக் ஒன்றில் 180 பார்கள் இருக்கும். முதல் தடவை கேட்கும்போது கிக் எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது என்பதை மட்டும் கவனித்துப் பார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பேஸ், அதற்கடுத்து ஹைஹேட் என்ற ஜோடித் தாளம், பிறகு ஃபில்டர் மெல்லத் திறந்து ஒலி தெளிவாகும் இடங்கள். தாம்பரம் வருவதற்குள் அந்த ட்ராக்கின் வரைபடம் உங்கள் கையில் இருக்கும். மறுநாள் காலை அதே வரைபடத்தில் உங்கள் சொந்த ஒலிகளை வைத்துப் பாருங்கள். புதிய மாணவர்கள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒலிக்கும் எட்டு பார் லூப் ஒன்றை அழகாகச் செய்துவிட்டு அதற்கு மேல் நகரத் தெரியாமல் மாதக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். இந்தப் பயிற்சியை விடாமல் செய்தவர்கள் அந்தத் தேக்கத்தை விரைவாகத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன்.

இதில் காதுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருக்கிறது. இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் 5 மணி. ரயில் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்று ஒலியை ஏற்றுபவர், வகுப்பிலும் ஹெட்போனோடு இருந்தால், வாரக் கணக்கைப் புதன்கிழமைக்குள் முடித்துவிடுவார். செவியின் உள்ளே சேதமடையும் நுண்மயிர்ச் செல்கள் மனிதர்களுக்கு மீண்டும் வளர்வதில்லை. எனவே காதை முழுவதும் மூடும் ஹெட்போனை, அல்லது காதுக்குள் நன்றாகப் பொருந்தும் இயர்போனைப் பயன்படுத்தி, ஒலியைக் குறைத்தே வையுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வசதியுள்ள ஹெட்போன் பயணத்துக்கு மிக நல்லது. ஆனால் ப்ளூடூத் வழியே கேட்டுக்கொண்டு கீபோர்டு வாசிக்க இயலாது. விரல் அழுத்தியதற்கும் ஒலி வருவதற்கும் இடையே பெரும்பாலும் நூறு மில்லி விநாடிக்கு மேல் தாமதம் இருக்கும். வீடு சேர்ந்ததும் மிக்ஸிங்கில் உட்காராதீர்கள். களைத்த காது மேல் அலைவரிசைகளைச் சரியாகச் சொல்லாது. சாப்பிட்டு, ஒரு மணி நேரம் அமைதியாக இருந்தபின் தொடங்குங்கள்.

வீட்டில் ஸ்பீக்கர் வாங்கி வைக்கலாமா என்று கேட்பீர்கள். முதல் ஆறு மாதங்களுக்கு வேண்டாம் என்பேன். பத்தடி நீளமுள்ள ஓர் அறையில், இரு எதிர்ச் சுவர்களுக்கு இடையே எதிரொலித்து ஒலி திரளும் முதல் அலைவரிசை ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கிக் டிரம்களின் அடிநாதம் இருக்கும் இடமும் அதன் பக்கம்தான். சுவரோரம் உட்கார்ந்து கேட்டால் கிக் வீங்கித் தெரியும், அறையின் நடுவில் உட்கார்ந்தால் அதே கிக் காணாமல் போகும். எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரும் இதைச் சரிசெய்யாது. அறையைத்தான் சரிசெய்ய வேண்டும். அப்படிச் சரிசெய்யப்பட்ட அறை நிறுவனத்தில் இருக்கிறது. நீங்கள் கட்டும் கட்டணத்தில் பெரும்பங்கு உண்மையில் அந்த அறைக்குத்தான். பாடங்களில் பலவற்றை இணையத்தில் இலவசமாகவே கேட்டுவிடலாம். ஆகவே பணம் கட்டுமுன் அலுவலகத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஸ்டுடியோ அறை தனியாகக் கிடைக்கும், மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்குமா, தூரத்திலிருந்து வருபவர்களுக்கு மதிய இடைவேளை நேரத்தை ஒதுக்கித் தருவார்களா, ஒரு கட்டுப்பாட்டு அறையை எத்தனை பேர் பகிர்கிறார்கள். நழுவலாகப் பதில் வந்தால் அங்கே படிக்கும் மாணவர் இருவரிடம் வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். வாரத்தில் தனி அறை நான்கு மணி நேரம்கூடக் கிடைக்காத இடத்துக்கு இரண்டு மணி நேரம் பயணம் செய்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மேடை வாசிப்புக்கு வருகிறேன். இதில் என் அனுபவம் ஸ்டுடியோ அனுபவத்தை விடக் குறைவு என்பதால், என் சொல்லை இங்கே ஒரு கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளின் செஷன் பக்கத்தில் கிளிப்புகளை, அதாவது சிறு ஒலித்துண்டுகளை, அடுக்கி, பொத்தான்கள் கொண்ட பேட் கன்ட்ரோலரில் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவதை வீட்டிலேயே பழகலாம். வீட்டில் பழக முடியாதது, எதிரே ஆட்கள் நிற்கும்போது கை எப்படி நடந்துகொள்கிறது என்பது. வகுப்புத் தோழர்கள் முன் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் நிற்காமல் வாசித்துக் காட்டுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நான் சொன்ன இரண்டு மாலைகளில் ஒன்று இதற்கானது. உண்மையான நிகழ்ச்சிகள் இன்னும் சிக்கலானவை. திறந்த வெளியில் ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு மேல் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால் வெளியரங்கு நிகழ்ச்சிகள் அதற்குள் முடிந்துவிடும். ஆனால் உள்ளரங்கில் எலக்ட்ரானிக் இசைக்குக் கூட்டம் சேரும் நேரமே பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். முடித்து, ஒயர்களைச் சுருட்டி, பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது செங்கல்பட்டுக்கு வண்டி இருக்காது. குரோம்பேட்டையிலோ தாம்பரத்திலோ சித்தி, அத்தை என்று யார் வீடாவது இருந்தால், மாதத்தில் ஓரிரு இரவுகள் தங்கிக்கொள்ளலாமா என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். படிப்பின் கடைசி மூன்று மாதங்களில் இறுதி நிகழ்ச்சிக்கான ஒத்திகைகள் நெருங்கும்போது, நண்பர்களோடு சேர்ந்து அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் அறை எடுப்பதும் ஒரு வழி. ஆண்டு முழுவதற்கும் எடுப்பதை விட அது எத்தனையோ மேல்.

சென்னையில் எலக்ட்ரானிக் இசைக்கான மேடைகள் பெங்களூரு, மும்பை அளவுக்கு இல்லை என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தை அவர்கள் பார்ப்பதில்லை. குச்சியால் அடித்துப் பல ஒலிகளை எழுப்பும் ஆக்டோபேட் என்ற மின்னணுப் பேடை ரோலண்ட் நிறுவனம் 1985இல் வெளியிட்டது. அதன் வழிவந்த பேடுகள் நம் ஊர் மெல்லிசைக் குழுக்களில் இல்லாத மேடை இல்லை. திருமண மண்டபத்தில் பேட் வாசிப்பவரைக் கவனியுங்கள். இரண்டு குச்சிகளில் தவில், டோலக், உருமி, கிக் என்று ஒலியை மாற்றி மாற்றி எழுப்புகிறார். பாடகர் சரணத்தை எதிர்பாராமல் இன்னொரு தடவை எடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் உடன் போகிறார். பல்லவிக்குத் திரும்பும் முன்பே அடுத்த கிட்டை (ஒலித் தொகுப்பை) இடது கையால் மாற்றி வைத்துவிடுகிறார். முன்கூட்டியே முடிவு செய்த வரிசையில் கிளிப்பை எழுப்புவதை விட இது பல மடங்கு கடினமான எலக்ட்ரானிக் வாசிப்பு. செங்கல்பட்டிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முகூர்த்த நாட்களில் இத்தகைய கச்சேரிகள் நிறைய நடக்கும். ஒரு குழுவில் அனுமதி கேட்டு, ஒயர் போடவாவது சேர்ந்துகொண்டு பின்னால் உட்கார்ந்து பாருங்கள். கருவியின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பாக்ஸ் எதற்கு, ஹம் என்ற இரைச்சல் எங்கிருந்து வருகிறது, ஸ்டீரியோவில் அழகாக விரிந்திருந்த ஒலி மண்டபத்தின் மோனோ ஸ்பீக்கரில் ஏன் மெலிந்து போகிறது என்பதையெல்லாம் அங்கே ஒரே மாலையில் கற்கலாம். இந்த மேடைகளுக்கு நீங்கள் கோடம்பாக்கம் வரவே தேவையில்லை.

வாய்ப்பாட்டுப் பயிற்சி உதவுமா என்ற கேள்விக்கு, மிகவும் உதவும் என்பதே பதில். ஆனால் எங்கே உதவும், எங்கே முட்டும் என்று தெரிந்துகொள்ளுங்கள். சுருதி ஞானம் உடனே கைகொடுக்கும். ஐந்து கட்டைச் சுருதி என்றால் கீபோர்டில் ஜி, ஆறு கட்டை என்றால் ஏ என்ற கணக்கு மனத்தில் இருந்தால் ஸ்டுடியோவில் பாடகரோடு பேசுவதற்குத் தடை இருக்காது. தாள ஞானம் இன்னும் பெரிய சொத்து. கண்ட சாபுவை 5/8 என்றும் மிஸ்ர சாபுவை 7/8 என்றும் மென்பொருளில் அமைத்து, கையால் தாளம் போட்டபடி நிரப்பிப் பாருங்கள். நான்கு பீட்டிலேயே பழகிய மாணவர்களுக்கு எளிதில் வராத நகர்வு உங்களுக்கு இயல்பாக வரும். முட்டும் இடம் கமகம். 1983இல் வந்த மிடி, சுவரங்களைக் கட்டை கட்டையாகப் பிரித்தே அனுப்புகிறது. இடையிலுள்ள அசைவுக்கு, சுருதியை மெல்ல ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட்தான் வழக்கமான வழி. அதில் 16,384 படிகள் இருப்பதால் நுணுக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுவரங்களுக்கு மட்டும் அது வைக்கப்பட்டிருக்கும். அதை அகலப்படுத்தி, நீங்கள் பாடிப் பதிவு செய்த காந்தாரத்தின் அசைவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடு கோடாக வரைந்து பாருங்கள். தோடி காந்தாரம் எவ்வளவு கீழே போய் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கும் அந்தப் பயிற்சி, உங்கள் பாட்டுக்கும் நல்லது.

படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, வீட்டில் கேட்பார்கள். இதில் உறுதி சொல்ல யாராலும் முடியாது, சொல்பவர்களை நம்பாதீர்கள். நான் பழகிய ஸ்டுடியோக்களில் புரோகிராமர் வேலைக்கு வருபவரிடம் சான்றிதழைக் கேட்டதில்லை. செய்ததைப் போட்டுக் காட்டு என்றுதான் கேட்பார்கள். பட்டம் வேண்டும் என்றால் அது வேறு பாதை: தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. மேலைச் செவ்வியல் இசை அடிப்படையோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்துக் கற்க விரும்புபவர்கள் 2008இல் ரகுமான் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியையும் விசாரிக்கலாம். ஓராண்டுப் படிப்பிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டு போக வேண்டியது முழுமையாக முடித்த நான்கைந்து ட்ராக்குகளும், உங்கள் வேலை எப்படிப்பட்டது என்று அறிந்த பத்துப் பேரும்.

மடிக்கணினி விஷயம் எளிது. 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி., தினமும் தோளில் சுமக்கக்கூடிய எடை, இவை போதும். பழைய கணினி இந்த அளவில் இருந்தால் புதிது வாங்கவே வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ பதிவு நிமிடத்துக்கு 17 எம்.பி. அளவுதான் பிடிக்கும். மைக்கையும் கருவியையும் கணினியோடு இணைக்கும், இரண்டு உள்ளீடுள்ள சாதாரண ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்று வாங்குங்கள். வாசிக்கும்போது பஃபரை (கணினி ஒரு தடவையில் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கையை) 128இல் வைத்தால் அந்தப் படியில் தாமதம் மூன்று மில்லி விநாடிக்குள் அடங்கும், மிக்ஸிங்கில் 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம். மென்பொருளை வாங்குமுன் நிறுவனத்தில் எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். ஏபிள்டனின் புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பு திறக்காது. வீட்டில் செய்ததை இரண்டு மணி நேரம் சுமந்து வந்து அங்கே திறக்க முடியாமல் நிற்பது போய்வரும் மாணவர்களுக்கே உரிய தொல்லை. அங்கே மேக், உங்களிடம் விண்டோஸ் என்றால், எடுத்துப்போகும் டிஸ்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். டிஸ்கில் மேக் தானாக எழுதாது. அங்கே இல்லாத பிளகின் (மென்பொருளோடு இணையும் கூடுதல் கருவி) போட்ட ட்ராக்குகளை வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஆடியோவாக மாற்றிவிடுங்கள். ப்ராஜெக்டின் இன்னொரு பிரதி எப்போதும் வீட்டில் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நடைமேடையிலிருந்து வகுப்பு வரை நனையாமல் போவது நடக்காத காரியம். பைக்குள் தண்ணீர் புகாத உறை ஒன்றைப் போட்டு, அதற்குள் கணினியை வையுங்கள்.